கிணற்றை மூடும்வரை அக்காவை அனுப்ப வேண்டாம்

காஜா பேராங்,
மலாக்கா.
14-8-1957, புதன்கிழமை, சாயங்காலம்.

மரியாதைக்குரிய கலியாணசுந்தரம் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் தியாகு இரு கை கூப்பி எழுதுவது. இங்கே என் வயிறு நீங்கலாக எல்லாரும் சுகம். சிகாமட்டில் தாங்களும், ஏழு மாதச் சுமையோடு அக்கா சந்திரமதியும், தங்கள் தாயாரும் அவ்வாறே சுகமாக இருக்க வேண்டுகிறேன். இதுவரை எழுதியது அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது. அம்மா இப்போது அடுப்படிக்குப் போய்விட்டார். விஷயத்துக்கு வருகிறேன். அக்காவை இங்கே அனுப்ப வேண்டாம்.

பதற வேண்டாம். வளைகாப்பில் எந்த மாற்றமும் இல்லை. 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமைதான்; வேண்டுமானால் அம்மாவையும் வளையலையும் நானே சிகாமட்டுக்குக் கொண்டுவந்து இறக்குகிறேன். நான் பயப்படுவது அந்த ஒரு நாளைப் பற்றி அல்ல. வளைகாப்பு முடிந்து பிரசவம்வரை அக்கா இந்த வீட்டில் இருக்கப்போகும் நாட்களைப் பற்றி. அத்தனை நாளும் அக்கா தண்ணீர் குடிப்பார். அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கிணற்றிலிருந்து வரும். அந்தக் கிணற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படியுங்கள். கையில் காப்பி இருந்தால் குடித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

நான் கோலாலம்பூரில் இரண்டு வருஷம் படித்து, இங்கே தண்ணீர் இலாகாவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. படித்ததன் சாரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். தண்ணீர் கெட்டுப்போன பிறகு பாட்டிலில் பிடித்துச் சோதிப்பது பெரிய வேலை அல்ல. அது ஊறும் இடத்திலிருந்து ஒருவர் வாயில் விழும் இடம்வரை எங்கெங்கே கெடக்கூடும் என்று முன்னாலேயே நடந்து பார்த்து, அங்கங்கே தடுப்பதுதான் வேலை. இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து எங்கள் வீட்டுத் தம்ளர்வரை நான் நடந்து பார்த்ததில்லை. அக்கா வருகிற தேதி குறித்துத் தாங்கள் எழுதிய கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போய் நடந்தேன். மொத்தம் அறுபது அடி தூரம். இருபத்திரண்டு வருஷம் இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். எப்படி உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு என் நோட்டில் எந்த விடையும் இல்லை.

கிணறு தாங்களும் பார்த்ததுதான். மூன்று வீட்டுக்குப் பொது. எங்கள் வீடு ஒன்று, செட்டி கம்பத்தைச் சேர்ந்த பொன்னுதுரை மாமா வீடு ஒன்று, பால்காரர் கருணாகரன் அண்ணன் வீடு ஒன்று. கடலோரம் என்பதால் தெங்கேராப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்புக் கரிக்கும். ஆகவே அங்கிருந்தெல்லாம் சைக்கிளில் தகரம் கட்டிக்கொண்டு வந்து இந்தத் தண்ணீரை எடுத்துப் போகிறார்கள். அவ்வளவு பேர். அந்தக் கிணற்றிலிருந்து பதினெட்டாவது அடியில் கருணாகரன் அண்ணனின் மாட்டுக்கொட்டகை. நான் மூன்று முறை அளந்தேன். கொட்டகை மேட்டில், கிணறு பள்ளத்தில். சாணி கழுவி விடும் தண்ணீருக்கு லோங்காங் சாக்கடை எதுவும் கிடையாது. அது தானாகவே தன் வழியைத் தேடிக்கொள்கிறது. கிணற்றுச் சுவரில் மேற்குப் பக்கம் இரண்டு கை அகலத்துக்கு உடைந்திருக்கிறது. வாளிக் கயிறு தரையில் கிடக்கிறது. அதை மாடு மிதிக்கிறது. பிறகு அது கிணற்றுக்குள் இறங்குகிறது. ருக்மணி அத்தை, அதாவது பொன்னுதுரை மாமாவின் மனைவி, கிணற்றடியிலேயே துணி துவைக்கிறார். தெரு முனையில் அரசாங்கக் குழாய் இருக்கிறது, மருந்து போட்ட சுத்தமான தண்ணீர், நான் வேலை பார்க்கும் இலாகாவின் தண்ணீர், அதை இந்தச் சந்தில் கால் கழுவத்தான் எடுக்கிறார்கள். வாடை வருகிறதாம்.

வீட்டுக்குள் வந்தால் அங்கேயும் அதிர்ச்சி. அம்மா தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார் என்று நான் நம்பியிருந்தேன். கொதிக்கத்தான் வைக்கிறார், சீரகம் போட்டு, தளதளவென்று. அதன் பிறகு என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். சீக்கிரம் ஆற வேண்டும் என்பதற்காக, ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை அதே கிணற்றிலிருந்து எடுத்து அதில் ஊற்றினார். அத்தான், நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னம்மா பண்ற?" என்றேன். "சூடா இருந்தா எப்புடிடா குடிப்ப?" என்றார். அப்பா போனது இதே வீட்டில் டைபாய்டு காய்ச்சலில். பத்து நாள் காய்ச்சல், அந்தப் பத்து நாளும் அவருக்கு இப்படி ஆற்றிய தண்ணீரைத்தான் கொடுத்திருப்போம். அப்போது எல்லாரும் அவர் மேல் என்ன பட்டது, யார் கண் பட்டது என்றெல்லாம் பேசினார்களே தவிர, கிணற்றை எட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நானும் பார்க்கவில்லை, எனக்குப் பதினைந்து வயது. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இனிமேல் பச்சைத் தண்ணீர் கலக்கக் கூடாது என்று மட்டும் கத்தினேன். கொஞ்சம் கூடுதலாகவே கத்திவிட்டேன்.

நான் குடிப்பது என் பில்டர் தண்ணீர் மட்டுமே. ஐந்து வாரத்துக்கு முன் அப்துல் சமது நானா கடையில் வாங்கினேன். மேலும் கீழுமாக இரண்டு வெள்ளைப் பீங்கான் ஜாடி. மேல் ஜாடிக்குள் நட்ட நடுவில் வெள்ளைக் கல் ஒன்று குத்தாக நிற்கும், கேண்டில் என்பார்கள். மேலே ஊற்றும் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் புகுந்து சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். சமது நானா, "தம்பி, வாரத்துக்கு ஒருக்கா அந்தக் கல்லக் கழட்டிக் கொதிக்க வச்சிடுங்க" என்றார். "எனக்கே சொல்றீங்களா நானா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். தினமும் நான் அதைப் பராமரிக்கும் ஒழுங்கைப் பார்த்தால் தாங்கள் மெச்சுவீர்கள். காலையில் குளித்துவிட்டு, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து, கல்லைப் பிரஷ்ஷால் துடைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணி நோட்டில் குறிக்கிறேன். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது, செருப்போடு அந்த அறைக்குள் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஒரே குறை, முதல் வாரம் நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு விழுந்தது, இப்போது பதினொன்றுதான். கப்பலில் வருகிற சாமானெல்லாம் இப்போது தரம் குறைந்துவிட்டது. ஆனால் ருசி பிரமாதம். சுத்தமான தண்ணீருக்கு ஒரு மெல்லிய இனிப்பு உண்டு அத்தான். கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்குக்கு அது தெரியாது. என் வயிறு மூன்று நான்கு வாரமாகச் சரியில்லாமல் இருப்பதுகூட, இத்தனை வருஷம் குடித்த கிணற்றின் வினை வெளியேறுவதுதான் என்று கருதுகிறேன்.

இனி மண்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அல்ல; இந்த மண்டோர் ஒரு மீன். கிணற்றுக்குள் பதினொரு வருஷமாக இருக்கும் கெளுத்தி. பொன்னுதுரை மாமாதான் விட்டார். ஆபத்துகளை எல்லாம் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு நான் முதலில் போனது அவரிடம்தான். தாங்கள் அறிவீர்கள், செட்டி கம்பத்தில் தமிழ் என்பது கோயிலில் சாமி பேர் சொல்கிற அளவுக்குத்தான். வீட்டில் பேச்செல்லாம் மலாய். நானும் மலாயிலேயே விளக்கினேன், கால் மணி நேரம். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார். பிறகு என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய் உள்ளே காட்டினார். மீன் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனது. "தண்ணி கெட்டா முதல்ல அது சாகும். அது சாகலை. வேற என்ன இன்ஸ்பெக்ஷன் வேணும்?" என்றார். கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றி மீனுக்கு என்ன தெரியும் என்றேன். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அது பதினொரு வருஷமா ராப்பகலா வேலை பாக்குது. ஒரு நாள் லீவு போட்டதில்லை. நீ வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாசம் ஆச்சு, மகனே?" எட்டு என்றேன். அவர் மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சரி, பேசிப் பயனில்லை, செய்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். பிளீச்சிங் பவுடர் கேட்டு இலாகா ஸ்டோருக்குப் போனேன். மூன்று கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் லீவில் இருக்கிறார் என்று கணக்கு எழுதும் கிராணி சொன்னார். எனவே சமது நானா கடையில் பெர்மாங்கனேட் வாங்கினேன், அந்தக் கத்திரிப்பூ நிறத்துப் படிகம்தான். கிணற்றின் ஆழம், அகலம் எல்லாம் கணக்குப் போட்டால் ஒன்றரை அவுன்ஸ் போதும். ஒன்றரை போட்டேன். பிறகு அக்காவை நினைத்துக்கொண்டு இன்னொரு ஒன்றரை போட்டேன். ஒரு நாள் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் நோட்டீஸ் எழுதிக் கப்பிக் கட்டையில் ஒட்டினேன். ருக்மணி அத்தைக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. 31ஆம் தேதி மெர்டேக்கா ஊர்வலத்தில் பாடப்போகிறவர்களுக்கென்று பதினாலு வெள்ளைச் சட்டைகளைத் துவைக்கும் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார் என்பதையும் யாரும் சொல்லவில்லை. விடிந்தும் விடியாமலும் தண்ணீர் இழுத்து, ஏழு சட்டையை ஊற வைத்துவிட்டார். வெயில் வந்து பார்த்தால் ஏழும் பழைய காப்பித் துணி மாதிரி இருந்தன. அத்தை அழவில்லை, கத்தவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு, மீதி ஏழையும் எடுத்து அதே வாளிக்குள் முக்கிவிட்டார். நாடு சுதந்திரம் அடையும் அன்று மலாக்காவில் பதினாலு பேர் பழுப்புச் சட்டையில் பாடப்போகிறார்கள் அத்தான். அதற்குக் காரணம் நான்.

அதே நேரம் மண்டோர் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. பொன்னுதுரை மாமா சட்டைகூடப் போடாமல் கிணற்றுக்குள் இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். சந்து முழுக்கக் கூடிவிட்டது. "பாத்தீங்களா, தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. இவன் வந்து கெடுத்துட்டான்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. உள்ளே ஓடி, என் பில்டரின் கீழ் ஜாடியில் இருந்த தண்ணீர் முழுவதையும் ஒரு பேசினில் ஊற்றிக் கொண்டுவந்து, "இதில் விடுங்க மாமா, இதைவிடச் சுத்தமான தண்ணி மலாக்காவிலேயே இல்லை" என்றேன். விட்டார். அதுவரை செத்தது போலக் கிடந்த மீன், அந்தத் தண்ணீர் பட்டதும் ஒரே துள்ளில் பேசினை விட்டு வெளியே வந்து மண்ணில் விழுந்தது. திரும்ப எடுத்து விட்டார். திரும்பவும் குதித்தது. மூன்றாம் முறை மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தன் வீட்டுத் தெம்பாயான் ஜாடியில், தெருக்குழாய்த் தண்ணீரில் விட்டார். அங்கே பிழைத்துக்கொண்டது. இவ்வளவு செய்தும் நன்றியில்லாத ஒரு பிராணியை நான் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டாரையும் கிணற்றடியில் கூட்டினேன். என் பட்டியலை வாசித்தேன். மாட்டுக்கொட்டகையை ஐம்பது அடி தள்ளிப் போட வேண்டும் என்றதும் கருணாகரன் அண்ணன் எழுந்துவிட்டார். "தம்பி, அம்பது அடி தள்ளிக் கட்டுனா மாடு பொன்னுதுரை மாமா வீட்டு சாமி ரூம்புலதான் போய் நிக்கும். பரவால்லையான்னு அவரையே கேட்டுக்க" என்றார். அப்படியானால் கிணற்றையே மூடிவிடுவோம், எல்லாரும் குழாய்த் தண்ணீருக்கு மாறுவோம் என்றேன். "கெணத்த மூடிட்டா நான் எப்புடிப்பா பால் ஊத்துறது?" என்று அவர் கேட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே விளங்கியது. அம்மாதான் மெதுவாக, "அப்ப பத்து வருஷமா நாங்க எதக் காச்சிக் குடிச்சோம் கருணா?" என்றார். "மாடு தண்ணி குடிக்கணும்ல அத்தை. அதச் சொன்னேன்" என்றார் அவர். ருக்மணி அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது என்பது பொய் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் பேசியதில் ஒன்றுகூட எடுபடவில்லை. கடைசியில் கோபத்தில், "அக்கா புள்ளத்தாச்சியா வருது. அப்பா மாதிரி அதையும் தூக்கிக் கொடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அதன் பிறகு, ஒரு வார்த்தை விவாதம் இல்லாமல், பொன்னுதுரை மாமா சிமெண்டு குழைத்து உடைந்த சுவரைப் பூசினார். கருணாகரன் அண்ணன் மாட்டை மறுபக்கச் சரிவில், புளியமரத்தடியில் கட்டிவிட்டுக் கொட்டகையைச் சுற்றி லோங்காங் வெட்ட ஆரம்பித்தார். வாளிக் கயிற்றுக்கு ஆணி அடித்தார்கள். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஆணி அடித்தால் கிருமி போகாது. நான் திருப்தி அடையவில்லை.

மறுநாள் மூன்று பாட்டிலில் தண்ணீர் பிடித்து, எங்கள் இலாகாவின் சோதனைக் கூடத்தில் இருக்கும் நண்பர் ஜெயபாலனிடம் கொடுத்தேன். ஒன்று கிணறு. இரண்டு அம்மாவின் சீரகத் தண்ணீர்ப் பானை. மூன்று என் பில்டர். மூன்றாவதைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை; சுத்தம் என்றால் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுக் காட்டத்தான் சேர்த்தேன். பாட்டிலில் இடத்தின் பேர் எழுதவில்லை, எண் மட்டும்தான். சோதிப்பவருக்கு எது எங்கே எடுத்தது என்று தெரியக் கூடாது, தெரிந்தால் முகதாட்சண்யம் வந்துவிடும். முடிவு நாளை வரும். வந்ததும் இதோடு சேர்த்துத் தபாலில் போடுகிறேன். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு தாங்களே சொல்வீர்கள், தியாகு சொன்னது சரி என்று.

ஆகவே என் முடிவு இது. கிணறு மூடப்படும்வரை அக்கா சிகாமட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. அம்மா கண்ணீர் விட்டு எழுதினாலும் தாங்கள் இளகக் கூடாது. மீறி அனுப்பியே ஆக வேண்டும் என்றால், அக்கா இங்கே என் பில்டர் தண்ணீரைத் தவிர வேறு ஒரு சொட்டும் வாயில் வைக்கக் கூடாது. அதை அவர் பெயருக்கே விட்டுக்கொடுத்து, நான் தெருக்குழாயைக் குடித்துக்கொள்கிறேன். தங்கள் தாயாருக்கு என் வணக்கம். அக்காவுக்கு என் அன்பு. பிறக்கப்போகும் குழந்தைக்கு மாமன் என்ற முறையில் முன்கூட்டியே என் ஆசி. அது சுதந்திர நாட்டில் பிறந்து சுத்தமான தண்ணீர் குடித்து நூறாண்டு வாழ வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
தியாகு.

பின்குறிப்பு:

16-8-1957, வெள்ளிக்கிழமை, காலை.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் தவறாகக் குறித்த அளவை அழிக்கக் கூடாது, அதை அப்படியே விட்டு அதன் கீழே சரியானதை எழுத வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எனவே கீழே எழுதுகிறேன்.

ஜெயபாலனின் காகிதம் நேற்று சாயங்காலம் வந்தது. ஒன்றாம் பாட்டில்: நல்ல தண்ணீர், கொதிக்க வைத்துக் குடிக்கலாம். இரண்டாம் பாட்டில்: கிருமி ஒன்றுகூட இல்லை. மூன்றாம் பாட்டிலுக்கு நேரே அச்சடித்த கட்டத்தில் எதையும் எழுதாமல் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "எண்ணி முடியவில்லை. எந்த லோங்காங்கில் அள்ளினாய்? உடனே வேலி போட்டு மூடச் சொல்."

பாட்டில் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மாறவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து பில்டரின் மூடியைத் திறந்து, கல்லைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். அத்தான், புளித்த மோர் வாடை.

"அம்மா, இதுல யாராச்சும் கைய வச்சாங்களா?"

"சிவ சிவா. குளிக்காம நான் அந்தப் பக்கமே போறதில்லடா."

"குளிச்சிட்டுப் போனியா?"

அம்மா தயங்கினார். பிறகு, பிடிபட்டவரைப் போல அல்ல, பெருமையைப் பங்கு போடுகிறவரைப் போலச் சொன்னார். "திங்கக்கெழமையும் பிரதோஷத்துக்கும் மட்டுந்தான். ஒரு கரண்டி பாலு. கருணாகரன் கறந்ததும் கொண்டாந்து குடுக்குற பச்சப் பாலு. சாமிக்குக் காச்சுன பாலு ஊத்தக் கூடாதுல்ல."

எந்தச் சாமிக்கு என்று கேட்டேன். அம்மா என் கையில் இருந்த கல்லைக் காட்டினார். "படிச்சிட்டு வந்து துண்ணூறுகூடப் பூச மாட்டேங்குறியேன்னு எவ்வளவு அழுதிருப்பேன். அப்புறம் பாத்தா, விடிஞ்சதும் குளிக்கிற, மூணு தரம் கை கழுவுற, மூடியத் தொறந்து லிங்கத்துக்குத் தண்ணி ஊத்துற. யாரையும் தொட விடல, செருப்போட வர விடல. ஒரு நிமிஷம் நின்னு வாய்க்குள்ளயே முணுமுணுக்குற. சரி, புள்ளைக்கு வெளிய சொல்ல வெக்கமா இருக்குன்னு நானும் காட்டிக்கல."

"சொட்டு எண்ணுனேம்மா."

"எண்ணித்தானேடா செபிக்கணும்."

கொட்டகையிலிருந்து கிணற்றுக்குப் பதினெட்டு அடி மண்ணைச் சந்தேகப்பட்டு மூன்று முறை அளந்தேன். கிருமி மண் வழியாக வரவே இல்லை. கரண்டி வழியாக, என் தம்ளருக்கே நேராக வந்துகொண்டிருந்தது. அந்த மெல்லிய இனிப்பைப் பற்றித் தங்களுக்கு எழுதியதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. ஊறும் இடத்திலிருந்து வாய்வரை எல்லா இடத்தையும் நடந்து பார்த்தவன், என் சொந்த மேசையை மட்டும் பார்க்கவில்லை. சமது நானா சொன்னபடி வாரம் ஒரு முறை கொதிக்க வைத்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். மண்டோருக்கு ஒரே நொடியில் தெரிந்தது.

"உன் பானையில மட்டும் எப்புடிம்மா ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டேன். "நீதானே அன்னிக்கு அப்புடிக் கத்துன. அன்னிலேர்ந்து பச்சத்தண்ணி கலக்குறதில்ல. மூடி வச்சு ஆற விடுறேன்" என்றார். நான் சொன்னதை இந்தச் சந்தில் அட்சரம் பிசகாமல் கேட்டவர் அம்மா ஒருவர்தான். அப்பாவைப் பற்றி அன்றைக்கு நான் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "ஒனக்கு வயித்த வலி எப்புடி இருக்கு?" என்றார்.

ஆகவே அக்காவை அனுப்புங்கள். 25ஆம் தேதிவரை காக்க வேண்டாம், அடுத்த ரயிலிலேயே அனுப்புங்கள். தம்பின் ஸ்டேஷனில் நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். அக்காவுக்கென்று தனிப் பானை, தனி மூடி எல்லாம் அம்மா எடுத்து வைத்துவிட்டார். என் பில்டர்ப் பக்கம் மட்டும் அக்கா போகக் கூடாது. மண்டோரும் நேற்றே கிணற்றில் வேலைக்குத் திரும்பிவிட்டது.

அவசரத்துக்கு வேறு காரணமும் இருக்கிறது. காகிதத்தைப் படித்த பதற்றத்தில் அந்தக் கல்லைக் கீழே போட்டுவிட்டேன், நுனி உடைந்துவிட்டது. பின்னமான லிங்கத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம், குப்பையிலும் போடக் கூடாதாம், தண்ணீரில்தான் விட வேண்டுமாம். தெங்கேராக் கடலில் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "கண்டவன் கால் கழுவுற கடல்லயா? சாமிய வுடுற தண்ணி சுத்தமா இருக்கணும். ஊர்லயே நம்ம கெணறுதான் நல்ல தண்ணின்னு ஒங்க கவர்மெண்டே காகிதத்துல எழுதிக் குடுத்துடுச்சே" என்கிறார் அம்மா. பொன்னுதுரை மாமா, ருக்மணி அத்தை இருவருக்கும் இதில் முழுச் சம்மதம். கருணாகரன் அண்ணன் பால் கொண்டுவரப் போயிருக்கிறார்.

நான் இதைக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அம்மா தாம்பாளத்தில் பூ, கற்பூரம், அந்தக் கல் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு பின்வாசலில் காத்திருக்கிறார். பதினொரு மணிக்கு நான் இலாகாவுக்குப் போயே ஆக வேண்டும். அதன் பிறகு இங்கே காவலுக்கு மண்டோர் மட்டும்தான். அக்கா சொன்னால் அம்மா கேட்பார்.